எஸ்ஸா, இசட்டா?

"ஒரு எழுத்து தப்பா இருக்குங்க."

வெள்ளிக்கிழமை மதியம். பிரிண்டரிலிருந்து இறக்கிய பிளக்ஸைக் கடையின் தரையில் விரித்துப் போட்டிருந்தேன். மை இன்னும் முழுதாகக் காயவில்லை. பெயிண்ட் டப்பாவையும் அளவுக்கு மீறிப் பழுத்த பலாப்பழத்தையும் ஒரே அறையில் திறந்துவைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு வாசனை. கறம்பக்குடிக் கடைத்தெருவில் கண்ணைக் கட்டிவிட்டாலும் என் கடையை மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

செல்வராசு அந்தப் பிளக்ஸின் கால்மாட்டில் நின்று கழுத்தை ஒருபக்கம் சாய்த்தார். அப்புறம் மறுபக்கம் சாய்த்தார். துபாயில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். புதுக்கோட்டை சாலையில் கார், வேன்களுக்குச் சக்கரம் சீர்செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கவிருந்தார். திங்கட்கிழமை காலை திறப்பு விழா. அதற்கான பெயர்ப்பலகைதான் தரையில் கிடந்தது.

"எந்த எழுத்துங்க?"

அவர் குனிந்து விரலை நீட்டினார். "கம்ப்யூட்டரைஸ்டு வீல் அலைன்மென்ட்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கீங்கள்ல. அந்த 'ஐஸ்'ல எஸ் வராது. இசட் வரும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் பிளக்ஸ் அடிப்பதற்கு முன்பிருந்தே கல்யாணப் பத்திரிகை டைப் செய்பவள். தாய்மாமன் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கல்யாண வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்தவள். என் கையிலிருந்து பிழையோடு ஒரு தாள் வெளியே போனதில்லை. தமிழைத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தைப் பற்றிச் சற்றுப் பிறகு சொல்கிறேன்.

"எஸ்ஸுதாங்க சரி. பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"துபாய் பூரா இசட்தாங்க."

"துபாய்க்காரங்க எழுதிட்டா சரியாப் போயிருமா?"

"கறம்பக்குடிக்காரங்க எழுதிட்டா மட்டும் சரியாப் போயிருமா?"

பிளக்ஸுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நடுவில் எட்டடி நீளத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாக அந்தச் சொல் மல்லாந்து கிடந்தது.

தலையில் விழுந்த எழுத்து

கடைக்கு வருகிற ஆண்கள் எல்லோரையும் நான் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். அறுபது வயதுக்காரரும் அண்ணன்தான், கல்லூரிப் பையனும் அண்ணன்தான். தொழிலுக்கு அது ஒரு பாதுகாப்பு. செல்வராசுவை மட்டும் முதல் நாளிலிருந்தே 'வாங்க, போங்க' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஏன் என்று அன்றைக்கு என்னிடம் யாராவது கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும்.

"இசட்தான்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்றேன்.

அவர் சட்டென்று தலையைக் குனிந்து, முடியை இரண்டாக வகிர்ந்து காட்டினார். நடு மண்டையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தழும்பு.

"அங்க நான் வேலை பாத்த பட்டறையிலயும் இதே போர்டுதாங்க. ஒவ்வொரு எழுத்தும் தகரத்துல செஞ்சு தனித்தனியா மாட்டியிருப்பாங்க. மணல் காத்து அடிச்சா மத்த எழுத்தெல்லாம் சும்மா இருக்கும். இந்த இசட் மட்டும் கழண்டு தொங்கும். ஏணி போட்டு ஏறிக் கம்பி வச்சுக் கட்டுறது என் வேலை. ஒருநாள் ஏறுறதுக்கு முந்தியே அது எறங்கிருச்சு."

"உங்க மேலயா?"

"நேரா மண்டையில. நாலு தையல். சொல்லுங்க, எனக்குத் தெரியாதா அது இசட்டா, எஸ்ஸான்னு?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன். அவர் முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ள எடுத்த முயற்சிதான் என்னைக் கெடுத்தது. நான் சிரிக்க, அவரும் சிரிக்க, பக்கத்து உரக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனாலும் எழுத்தை மாற்ற நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாற்றியிருக்கலாம். ஒரு மணி நேர வேலை. வாடிக்கையாளர் கேட்டால் 'கம்ப்யூட்டர்' என்பதையே தலைகீழாக அடித்துக் கொடுப்பவள் நான். அந்த எஸ்ஸை மட்டும் விட முடியவில்லை. அதற்குக் காரணம் வேறு.

ஊருக்குத் தெரியாத ஒன்று

என்னை எல்லோரும் பி.காம். படித்த பெண் என்றுதான் நினைத்திருந்தார்கள். கடையின் பெயருக்குக் கீழே சின்னதாக 'வளர்மதி, பி.காம்.' என்று போட்டிருந்தேன்.

புதுக்கோட்டையில் மூன்று வருஷம் கல்லூரிக்குப் போனது நிஜம். கணக்குப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேறியதும் நிஜம். ஆங்கிலத்தில் ஒரு தாள் நின்றுபோனது. திரும்ப எழுதினேன், நின்றது. மூன்றாம் முறை தேர்வறை வாசல் வரைக்கும் போய், உள்ளே நுழையாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். வீட்டில் 'பாஸ்' என்று சொல்லிவிட்டேன். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். அன்றைக்கு வண்டியில் ஏறிய தெரிந்தவர்களுக்கெல்லாம் டிக்கெட்டோடு ஒரு சாக்லேட்டும் கொடுத்தாராம்.

அந்தச் சாக்லேட்டுக்குப் பிறகு உண்மையைச் சொல்ல முடியவில்லை. சர்ட்டிபிகேட் எங்கே என்று அப்பா கேட்கும்போதெல்லாம் 'காலேஜ்ல இருக்குப்பா, வாங்கணும்' என்பேன். வருஷங்கள் ஓடிவிட்டன. அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்கு மட்டும் அது ஒவ்வொரு நாளும் கடையைத் திறக்கும்போது பெயருக்குப் பக்கத்தில் கண்ணில் படும்.

ஆங்கிலத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் மிகக் குறைவு. அந்த 'ஐஸ்' என்கிற ஒட்டில் எஸ்தான் வரும் என்பது அவற்றில் ஒன்று. அதுவும் தப்பென்றால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

குழுவில் கலவரம்

"யாராவது விசயம் தெரிஞ்சவங்ககிட்டக் கேப்போம்" என்றார் செல்வராசு. "அவங்க சொல்றதுதான் முடிவு."

கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. அதில் நான் வாயே திறக்காத உறுப்பினர். பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூட ஒரு பூப்படத்தோடு சரி. யாராவது பழைய தேர்வுகளைப் பற்றிப் பேச்செடுத்துவிடுவார்களோ என்ற பயம்தான். அன்றைக்கு என்ன வேகமோ, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டிவிட்டேன்: 'கம்ப்யூட்டரைஸ்டு. எஸ்ஸா, இசட்டா? அவசரம்.'

ஐந்து நிமிடத்தில் போன் சூடாகிவிட்டது. பாங்கில் இருப்பவள் எஸ் என்றாள். சிங்கப்பூரில் இருப்பவள் இசட் என்றாள். ஒருத்தி தன் மகனின் பாடப் புத்தகத்தைப் படம் எடுத்துப் போட்டாள். இன்னொருத்தி தன் வீட்டு வாஷிங் மெஷினின் முதுகைப் படம் எடுத்துப் போட்டாள். எட்டு வருஷமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே கட்சியில் நின்று மற்றவர்களைத் திட்டினார்கள். ஒருத்தி சம்பந்தமே இல்லாமல் ரசம் வைக்கிற வீடியோ அனுப்பினாள்.

கடைசியில் ஜெயராணி வந்தாள். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பிறகு ஆங்கிலத்தில் மேற்படிப்பு முடித்து, இப்போது கல்லூரியில் அதே பாடத்தை நடத்துபவள். மூன்றாம் முறை நான் தேர்வு எழுதாமல் திரும்பியது தெரிந்த ஒரே ஆள்.

குழுவில் அவள் எதுவும் எழுதவில்லை. நேராக எனக்குப் போன் செய்தாள்.

"வளர்! உசுரோடதான் இருக்கியா? இத்தனை வருசமாச் சத்தத்தக் காணோம், திடீர்னு வந்து எல்லாரையும் அடிச்சுக்க விட்டுட்டே!" சிரித்தாள். "இதெல்லாம் போன்ல சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை குளத்தூருக்கு வா. சாப்பிட்டுக்கிட்டே சொல்றேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராசு சொன்னார்: "ஞாயித்துக்கிழமை திருச்சிக்கு ஒரு சாமான் எடுக்கப் போறேங்க. குளத்தூரு வழியிலதான். எங்க அக்காவையும் கூட்டிட்டு வாரேன்."

"யாருடி அது?" என்றாள் ஜெயராணி.

"கஸ்டமர்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

குட்டி யானையில் மூன்று பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை குட்டி யானை வந்து நின்றது. அந்தச் சின்ன லோடு வண்டியின் முன்பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். நாங்கள் மூன்று பேர். செல்வராசு ஸ்டியரிங்கில், அவருடைய அக்கா முத்துலெட்சுமி நடுவில், நான் கதவோரம். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கடலைக்காட்டில் வேலை பார்த்துத் தம்பியை ஐ.டி.ஐ. வரைக்கும் படிக்கவைத்தவர். மடியில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம்.

"இவன் ரெண்டு நாளா வீட்டுல எஸ்ஸு, எஸ்ஸுன்னு ஒரே பொலம்பல்" என்றார் அக்கா. "பாம்பு எதுவும் பாத்துட்டானோன்னு பயந்துட்டேன்."

ஆலங்குடி தாண்டும்போது என் கவலை வேறாக இருந்தது. ஜெயராணி வெள்ளந்தி. மனதில் இருப்பது அப்படியே வாயில் வரும். 'அந்தப் பேப்பர் அப்புறம் எழுதுனியா வளர்?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கறம்பக்குடி முழுக்கப் பரவ ஒரு பஸ் நேரம்கூட ஆகாது. திரும்பிப் போய்விடலாமா என்று நான்கு முறை நினைத்தேன். நான்கு முறையும் அக்கா கையில் கொய்யாப்பழத்தைத் திணித்தார்.

திருச்சியில் சாமானை ஏற்றிக்கொண்டு, திரும்பும் வழியில் குளத்தூருக்குள் போனபோது பன்னிரண்டு மணி இருக்கும்.

சோறு ஆக்கும் இடத்தில்

ஜெயராணி வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் கையில் மஞ்சள்தூள். என் முதுகில் ஐந்து விரலும் பதிந்தது.

"அடுப்புல சோறு இருக்கு. எல்லாரும் இங்கிட்டே வாங்க" என்று சமையலறைக்குள் கூட்டிப் போய்விட்டாள். செல்வராசு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அக்கா கேட்காமலே வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"தீர்ப்பச் சொல்லுங்க டீச்சர்" என்றார் செல்வராசு.

"ரெண்டும் சரி" என்றாள் ஜெயராணி.

செல்வராசு தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் சரின்னா? நான் மண்டையில அடி வாங்குனது?"

அவருடைய தழும்பின் கதையைக் கேட்டு ஜெயராணி சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. அதை எடுத்துக் கழுவிக்கொண்டே விஷயத்துக்கு வந்தாள்.

"இந்த ஒட்டு பொறந்தது கிரேக்கத்துல. அங்க அது 'இசைன்'. இசட் சத்தம்தான். ஒரு பேர்ச்சொல்லோட அத ஒட்டுனா வினைச்சொல்லா மாறிரும். அப்புறம் லத்தீன்காரங்க எடுத்துக்கிட்டாங்க. ஞானஸ்நானம் குடுக்குறதுக்கு ஒரு சொல்லு இருக்குல்ல, அந்த மாதிரி சர்ச்சுச் சொல்லுங்களோட சேந்து உள்ள போச்சு. அப்பவும் இசட்தான். அங்கேருந்து பிரெஞ்சுக்குப் போனப்ப, அவங்க எழுத்துல எஸ்ஸா மாத்திட்டாங்க. இங்கிலீஷ்காரன் ரெண்டு பக்கமும் கடன் வாங்குனவன். அதனால ரெண்டு எழுத்தும் உள்ள வந்துருச்சு. அமெரிக்காக்காரன் இசட்டோட நின்னுட்டான். இங்கிலாந்துல பெரும்பாலும் எஸ்ஸு, ஆனா இசட்டும் உண்டு. நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்தது எஸ்ஸு."

"அப்ப பழசு எது?" என்று கேட்டார் செல்வராசு. கண்ணில் ஒரு வெளிச்சம்.

"பழசு இசட்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த கொத்தமல்லிக் கட்டைப் பார்த்தேன்.

"ஆனா ஒண்ணு" என்றாள் ஜெயராணி. "சர்ப்ரைஸ், சூப்பர்வைஸ், எக்சர்சைஸ், இதெல்லாம் எப்பவும் எஸ்ஸுதான். இசட் போட்டா எந்த ஊர்லயும் தப்பு. அதுல இருக்குறது இந்த ஒட்டே இல்ல. காதுக்கு மட்டும் ஒண்ணு போலக் கேக்கும்."

"ஒட்டுனது வேற, ஒடம்போட பொறந்தது வேறங்குறீக" என்றார் அக்கா, வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல். ஜெயராணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இத என் கிளாஸ்ல சொல்லிக்கிறவாக்கா?"

"சொல்லிக்க. அதெல்லாம் இருக்கட்டும் தாயி, அந்த ஒட்டுக்கு அர்த்தம்தான் என்ன? அத இன்னும் ஒருத்தரும் சொல்லலையே."

ஜெயராணி சோற்றுப்பானையின் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

"இப்ப நான் என்ன செய்றேன்?"

"சோறு ஆக்குற."

"அந்த 'ஆக்குற'தான்க்கா அது. அரிசியச் சோறாக்குறோம்ல. ஒண்ண இன்னொண்ணா மாத்துறது. மாடர்னைஸ்னா புதுசாக்குறது. கம்ப்யூட்டரைஸ்னா கம்ப்யூட்டர்மயமாக்குறது. தமிழ்ல நாம 'ஆக்கு'ன்னு ஒட்டுறோம், 'படுத்து'ன்னு ஒட்டுறோம். எளிதாக்கு, தூய்மைப்படுத்து. அவங்க அந்த ஒட்ட வச்சுச் சமாளிக்கிறாங்க."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிகைப்படுத்தவில்லை. மிகைப்படுத்து! பார்த்தீர்களா, அங்கேயும் இருக்கிறது. இத்தனை வருஷம் நான் அஞ்சி ஓடிய ஆங்கிலத்தின் வால், எங்கள் வீட்டு அடுப்பில் தினமும் மூன்று வேளை கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. தேர்வுக்கு முந்தின நாள் யாராவது ஒருத்தர் ஒரு சோற்றுப்பானையைத் திறந்து இதைச் சொல்லியிருந்தால்!

"கிரேக்கத்துல இன்னொரு அர்த்தமும் உண்டு" என்று ஜெயராணி தொடர்ந்தாள். "ஒரு ஊர்க்காரங்க மாதிரிப் பேசுறது, நடந்துக்குறது. அதுக்கும் இதே ஒட்டுதான்."

"அப்ப இவன் துபாயைஸ் ஆயி வந்திருக்கான்" என்றார் அக்கா.

செல்வராசு வாசற்படியிலிருந்து சரிந்தார். நான் கொத்தமல்லியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜெயராணி என்னைப் பார்த்து அந்த வாக்கியத்தை ஆரம்பித்தாள்.

"வளருக்கு அப்பவே இதெல்லாம் பிடிக்கும். பாவம், அந்தப் பேப்பர்ல மட்டும்..."

நிறுத்திக்கொண்டாள். தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்துவிட்டது அவளுக்கு.

வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் நான் பேச்சை மாற்றியிருப்பேன். அன்றைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு லேசாகியிருந்தது. அந்த லேசில் உள்ளே இருந்தது தானாக மேலே வந்தது.

"அந்தப் பேப்பர்ல நான் பாஸ் பண்ணலை" என்றேன். "இங்கிலீஷ்ல ரெண்டு தடவை பெயில். மூணாந்தடவை எழுதவே போகலை. கடையில பி.காம்.னு போட்டிருக்கிறது பொய். எங்க அப்பாவுக்கே தெரியாது."

அக்கா வெங்காயத்தை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார்.

"அப்ப இத்தனை நாளா நம்ம ஊரு இங்கிலீஷ் போர்டு எல்லாம்...?" என்று கேட்டார் செல்வராசு.

"டிக்சனரி வச்சு ஒவ்வொரு எழுத்தாப் பாத்துதான் அடிப்பேன்."

"ஒவ்வொரு எழுத்தாவா?" என்றவர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "நான் ஒரே ஒரு எழுத்தத் தூக்கிக் கட்டுனதுக்கே இவ்வளவு பெருமை பேசிட்டேன்."

அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "மொதல்ல சாப்புடு. எலையப் போடு தாயி" என்றார். கத்திரிக்காய்க் குழம்பும் அப்பளமும். அவ்வளவு சோறு நான் ஒரே வேளையில் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

வாயில் ஒட்டிக்கொண்டது

திரும்பும் வழியில் எங்கள் மூவருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது.

முதலில் ஆரம்பித்தது அக்கா. "கண்ணாடிய ஏத்தைஸ் பண்ணு, காத்து அடிக்குது" என்றார். செல்வராசு ஹாரனைத் தட்டி, "முன்னாடி மாடு நிக்குது, அத ஓரமைஸ் பண்ணணும்" என்றார். புதுக்கோட்டையில் டீக்கடையில் நிறுத்தினோம். "மூணு டீயைஸ்" என்றேன் நான். மாஸ்டர் கையில் டம்ளரோடு யோசித்துவிட்டு, "ஐஸ் டீ இல்லீங்க, சூடாத்தான் இருக்கு" என்றார்.

சாலையோரத்துப் பலகைகளில் அந்த ஒட்டை வேட்டையாடிக்கொண்டே வந்தோம். 'ஆத்தரைஸ்டு டீலர்' இசட்டோடு இருந்தால் அவர் கத்துவார். 'ஸ்பெஷலிஸ்ட்' என்று இருந்ததைப் பார்த்து நான் தவறுதலாகக் கத்தினேன். அது கணக்கில் வராது என்றார் அக்கா. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கடைசியில ஐஸ் இல்லையே, லிஸ்ட்டுல்ல இருக்கு" என்றார். எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். காதாலேயே கண்டுபிடித்தார்.

என் வாழ்நாளில் பெரிய பொய் ஒன்றை இறக்கிவைத்த நாள் அது. அழுதிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கறம்பக்குடி வரும்வரை எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

சண்டை திசை மாறியது

கடை வாசலில் இறங்கினோம். பலகை இன்னும் தரையில் கிடந்தது.

"இசட்டே போட்டுருவோம்" என்றேன். "பழசும் அதுதான். இப்பவே அடிச்சுத் தர்றேன்."

"வேண்டாங்க" என்றார் செல்வராசு. "எஸ்ஸே இருக்கட்டும். நம்ம ஊருக்கு வந்தது அதுதான்னு டீச்சர் சொன்னாங்கள்ல."

"உங்க கடை, உங்க மண்டை. இசட்தான்."

"நீங்க பாத்துப் பாத்து அடிச்சது. எஸ்ஸுதான்."

"நான்தான் மாத்துறேன்னு சொல்றேன்ல?"

"நான்தான் மாத்த வேண்டாங்குறேன்ல?"

குரல் ஏறியது. உரக்கடைக்காரர் மறுபடி எட்டிப் பார்த்தார். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை, என் எழுத்துதான்னு சண்டை. இன்னைக்கு, உன் எழுத்துதான்னு சண்டை" என்றார். "போர்டுக்கு எத்தனை பக்கம்டா?"

"ரெண்டு" என்றார் தம்பி.

"பெறகென்ன?"

திங்கட்கிழமை காலை, சாலைக்குக் குறுக்குவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்படி பலகையை மாட்டினார்கள். புதுக்கோட்டையிலிருந்து வருகிறவர்களுக்கு எஸ். பட்டுக்கோட்டையிலிருந்து வருகிறவர்களுக்கு இசட். திறப்பு விழாவுக்கு வந்த கூட்டத்தில் இதைக் கவனித்தவர் ஒருத்தர்கூட இல்லை. எல்லோரும் கேசரியில்தான் கவனமாக இருந்தார்கள்.

ஒரு தாள் மட்டும்

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகியிருந்தது. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டு, நின்றுகொண்டே முழுதையும் சொல்லி முடித்தேன்.

அப்பா எழுந்துபோய் டிவியை அணைத்தார். பிறகு கேட்டார்: "ஒன் சாதகத் தாள்ல பி.காம்.னு போட்டுல்ல புரோக்கர்மாருககிட்டக் குடுத்து வச்சிருக்கேன்?"

"ஆமாப்பா."

"நாளைக்கு ஒருத்தன், பொய் சொல்லிக் கட்டி வச்சுட்டாங்கன்னு சொல்லிரக் கூடாதுல்ல."

மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒவ்வொரு தரகர் வீடாகப் போய், தன் கையால் கொடுத்த தாள்களைத் தன் கையாலேயே திரும்ப வாங்கிவந்தார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை இல்லை. மூன்று நாள் அவர் அலைந்ததைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. தாள்களை மேசையில் வைத்து ஒழுங்குபடுத்திவிட்டு, "ஒண்ணு மட்டும் கொறையுது. யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்களாம். போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். யார் என்று கேட்டேன். தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம். செல்வராசு வந்தார். விரல் நகங்களில் கிரீஸ். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார்.

என்னுடைய சாதகத் தாள். நானே டைப் செய்தது.

"அக்கா புரோக்கர்கிட்டேருந்து வாங்கிட்டு வந்துருச்சுங்க. இதுல ஒரு திருத்தம் இருக்குன்னு உங்க அப்பா வீட்டுக்கே வந்து சொன்னாரு." அவர் என்னைப் பார்க்கவில்லை. பிரிண்டரைப் பார்த்துப் பேசினார். "அத மட்டும் சரி பண்ணி அடிச்சுத் தர முடியுமாங்க?"

பைலைத் திறந்தேன். 'படிப்பு' என்ற வரியில் கர்சர் துடித்தது. 'பி.காம்.' என்பதற்குப் பக்கத்தில் 'ஆங்கிலம் நீங்கலாக' என்று தட்டினேன். இரண்டு முறை எழுத்துப் பிழை பார்த்தேன்.

வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டுமே.

"எத்தனை காப்பிங்க?"

"ஒண்ணு போதும்" என்றார். "வேற யாருக்கும் குடுக்க வேண்டாம்."